நெய்வேலியின் வேலைநாள் இரவுச் சமையல்: லெக்கோ கரி முதல் பாஸ்தா வரை

நெய்வேலி, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் உள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரியம். இங்குத் தோண்டப்படும் நிலக்கரி பெரும்பாலும் மின்சாரமாக மாறி வெளியேறுகிறது என்பது பலரும் அறிந்த செய்தி. அதே நிலக்கரி ஒரு காலத்தில் 'லெக்கோ' என்னும் பெயரில் அடுப்புக் கரியாகவும் விற்கப்பட்டது. விறகுக்கு மாற்றாக வீட்டு அடுப்பில் எரிய வேண்டும் என்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. இன்று நெய்வேலியின் சமையலறைகளில் லெக்கோ இல்லை. பணி முடிந்து வீடு திரும்புபவர் அரை மணி நேரத்தில் பாஸ்தாவை வேகவைத்து, கிரீம் சேர்த்து, இறைச்சித் துண்டு ஒன்றைச் சுட்டு இரவு உணவை முடித்துவிட முடிகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட சுமார் 60 ஆண்டுகளில் அடுப்பு எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேலைநாள் இரவுச் சமையல் என்பது விருந்துச் சமையல் அன்று. அதில் சுவையைவிட நேரமே முதல் அளவுகோல். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது சமைப்பவரின் திறமை மட்டுமன்று. அவர் கையில் உள்ள நெருப்பும்தான்.

விறகு அடுப்புக் காலம்

நெய்வேலி உருவாவதற்கு முன் இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தின் வானம் பார்த்த செம்மண் நிலமாகவும், அதனை அடுத்த நெல் வயல்களாகவும் இருந்தது. பண்ருட்டியைச் சுற்றிய ஊர்களில் முந்திரியும் பலாவும் மிகுதி. முந்திரி மரத்தின் காய்ந்த கிளைகள், சவுக்கு விறகு, சாண வரட்டி, நெல் உமி ஆகியவையே வீட்டு எரிபொருள்.

கூலி உழவர் குடும்பங்களில் நாளின் முதன்மையான சமையல் மாலையில்தான் நடந்தது. பகல் முழுதும் வயலில் உழைத்து, கூலியாகத் தானியத்தைப் பெற்று வந்த பிறகே உலை வைக்க முடிந்தது. இரவில் சூடாக உண்டபின் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் அது காலை உணவாகும். ஆகவே வேலை முடிந்து வந்து சமைப்பது என்பது அலுவலகக் காலத்தின் கண்டுபிடிப்பு அன்று. இந்த மண்ணின் உழைக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த வேலை அது. தானியத்தைக் குத்துவது, விறகு பொறுக்குவது, நீர் எடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த இரவுச் சமையலை இரண்டு மூன்று மணி நேர வேலையாக்கின. அடுப்பின் முன் அமர்ந்து ஊதுகுழலால் ஊதி, புகையில் கண் எரிய நின்றதும் அதில் அடங்கும்.

நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து வருகிறது. பசித்து வருவோருக்கு உணவு வழங்கப்படுகிறது. விறகு நெருப்பை அன்றாடம் மூட்டுவது எவ்வளவு கடினம் என்று அறிந்த மக்களுக்கு, அணையாத அடுப்பு என்பது அறத்தின் சின்னமாகவும் அதே வேளையில் எளிதில் விளங்கும் ஒரு வசதியாகவும் தோன்றியிருக்கும். எப்போது வந்தாலும் நெருப்பு தயாராக இருக்கும் என்பதே அதன் பொருள்.

பழுப்பு நிலக்கரியின் கண்டுபிடிப்பு

1930-களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது, நீருடன் கறுப்பான துகள்கள் வெளிவந்தன. அதனை அவர் அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். 1940-களில் நிலவியல் ஆய்வுகளும் துளையிடல்களும் நடந்தன. கீழே பெரும் பழுப்பு நிலக்கரிப் படிவு இருப்பது உறுதியானது.

அக்காலத்தில் சென்னை மாகாணத்திற்கு நிலக்கரி வங்காளம், பீகார் பகுதிகளிலிருந்தே வர வேண்டியிருந்தது. நீண்ட தொலைவிலிருந்து இரயிலிலும் கப்பலிலும் வரும் கரி விலை கூடியது, போர்க்காலங்களில் தடைபட்டது. நகரங்கள் விறகையும் மரக்கரியையும் நம்பியிருந்ததால் காடுகள் அழிந்தன. தென்னாட்டிற்கென்று ஒரு நிலக்கரி வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது. முதலமைச்சர் காமராசர் இத்திட்டத்தில் மிகுந்த ஆர்வம் காட்டினார்.

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலத்தடி நீரின் மேல்நோக்கிய அழுத்தம் பெரும் இடராக இருந்தது. நாள் முழுதும் நீரை இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டியிருந்தது. 1961-இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. சோவியத் நாட்டின் உதவியுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. படிப்படியாக அதன் திறன் 600 மெகாவாட் ஆனது. 2016-இல் நிறுவனத்தின் பெயர் 'என்எல்சி இந்தியா' என மாற்றப்பட்டது.

நகரியமும் மூன்று ஷிப்டும்

சுரங்கமும் மின் நிலையமும் இரவு பகல் ஓயாமல் இயங்குபவை. ஆகவே பணியாளர்கள் ஒரு நாளை மூன்றாகப் பிரித்து, எட்டு மணி நேர ஷிப்டுகளில் உழைத்தனர். இவர்களுக்காகத் திட்டமிட்டு அமைக்கப்பட்டதே நெய்வேலி நகரியம். 'வட்டம்' என்று எண்ணிட்டு அழைக்கப்படும் குடியிருப்புப் பகுதிகள், அகன்ற சாலைகள், மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை, அங்காடி ஆகியவை அதில் இடம்பெற்றன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

ஷிப்டு வேலை இரவு உணவின் நேரத்தை மாற்றியது. கிராமத்தில் பொழுது சாய்ந்தால் உலை ஏறும். விளக்கு வைத்துச் சிறிது நேரத்தில் ஊர் உறங்கும். நகரியத்தில் அவ்வாறு இல்லை. பிற்பகல் ஷிப்டுக்குப் போனவர் வீடு திரும்பும்போது பத்து மணிக்கு மேலாகும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் அதற்கு முன்பே உண்டு புறப்பட வேண்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இவ்விரண்டுக்கும் நடுவில் பசிக்கும். ஒரே வீட்டில் ஒரே இரவில் இரண்டு மூன்று பந்திகள். ஒவ்வொரு வாரமும் ஷிப்டு மாறினால் சமையல் நேரமும் மாறும்.

இத்தகைய குடும்பத்திற்கு எப்போது வேண்டுமானாலும் மூட்டி, எப்போது வேண்டுமானாலும் அணைக்கக்கூடிய நெருப்பு தேவைப்பட்டது. நகரியம் உருவான காலத்தில் அப்படிப்பட்ட நெருப்பு பெரும்பாலான வீடுகளில் இல்லை.

லெக்கோ உருவான முறை

பழுப்பு நிலக்கரியைத் தோண்டியெடுத்த உடனே வீட்டு அடுப்பில் இட முடியாது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். உலர்ந்தால் பொடிந்துவிடும்; எரிக்கும்போது மிகுந்த புகையும் நாற்றமும் வரும். குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும் இயல்பும் அதற்கு உண்டு.

இதனைச் சரிசெய்ய நெய்வேலியின் ஒருங்கிணைந்த திட்டத்தில் மின் நிலையம், உரத் தொழிற்சாலை ஆகியவற்றுடன் கரிக்கட்டித் தொழிற்சாலையும் சேர்க்கப்பட்டது. மேற்கு செருமனியின் தொழில்நுட்பத்துடன் அமைந்த அத்தொழிற்சாலை 1960-களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு மூன்று இலட்சம் டன்னுக்கு மேல் கரிக்கட்டி ஆக்குவது திட்டமாக இருந்தது.

வேலை மூன்று படிகளில் நடந்தது. முதலில் நிலக்கரியை நொறுக்கி, நீராவியின் வெப்பத்தால் உலர்த்தினர். அடுத்து அந்தப் பொடியைப் பசை எதுவும் சேர்க்காமல் மிகுந்த அழுத்தத்தில் கட்டிகளாக அழுத்தினர். இறுதியாக அக்கட்டிகளைக் காற்றுப் புகாத உலையில் சூடாக்கினர். அப்போது தார், வாயு முதலிய ஆவியாகும் பொருள்கள் பிரிந்து வெளியேறின. கரிமம் மிகுந்த கட்டி எஞ்சியது. விறகிலிருந்து மரக்கரி எடுக்கும் அதே தத்துவம்தான். பிரிந்த தாரிலிருந்து கார்பாலிக் அமிலம், கிரெசால் போன்ற வேதிப்பொருள்கள் துணைப்பொருளாகக் கிடைத்தன.

எஞ்சிய கட்டிக்கு 'லெக்கோ' என்று பெயரிடப்பட்டது. புகை எழுப்பும் பொருள்கள் முன்பே நீக்கப்பட்டுவிட்டதால் அது ஏறக்குறையப் புகையின்றி எரிந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கரிக்கடைகளில் மரக்கரியுடன் லெக்கோவும் விற்கப்பட்டது. உணவகங்களும் சிறு தொழிற்கூடங்களும் அதனை வாங்கின.

லெக்கோ அடுப்பில் இரவுச் சமையல்

லெக்கோவுக்கு ஏற்ற அடுப்பு, உட்புறம் மண் பூசிய இரும்பு வாளி அடுப்பு. நடுவில் கம்பிச் சல்லடை இருக்கும். அதன்மேல் கரி, கீழே சாம்பல் விழவும் காற்று நுழையவும் ஒரு வாய்.

லெக்கோ எளிதில் தீப்பற்றாது. முதலில் தேங்காய்ச் சிரட்டை, மரச்சுள்ளி அல்லது சிறிது மரக்கரியை மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்த வேண்டும். அது நன்கு பற்றியபின் லெக்கோக் கட்டிகளை மேலே அடுக்கி, விசிறியால் விசிறி, அடுப்பை வீட்டின் வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுவர். கட்டிகள் சிவந்து கனல சுமார் அரை மணி நேரம் ஆகும். அதன் பின்னரே அடுப்பு உள்ளே வரும். இன்று ஒரு முழு இரவு உணவு சமைத்து முடியும் நேரம் அன்று நெருப்புத் தயாராவதற்கே தேவைப்பட்டது.

பற்றிக்கொண்ட பிறகு அது நெடுநேரம் நின்று எரியும். ஊத வேண்டியதில்லை, விறகு தள்ள வேண்டியதில்லை, பாத்திரத்தின் அடி அதிகம் கரியாகாது. ஆனால் நெருப்பைக் கூட்டவோ குறைக்கவோ வழி குறைவு. கீழ்வாயைச் சற்று மூடலாம், பாத்திரத்தை உயர்த்தி வைக்கலாம், அவ்வளவே. ஆகவே சமையலின் வரிசையை நெருப்பின் வயது தீர்மானித்தது. கனல் உச்சத்தில் இருக்கும்போது உலை ஏற்றிச் சோறு வடிப்பர். அடுத்துப் பருப்பும் குழம்பும். கனல் தணியத் தொடங்கியதும் பால் காய்ச்சுவர். எஞ்சிய சூட்டில் அப்பளம் சுடுவதும், குளிக்கவோ மறுநாள் காலைக்கோ வெந்நீர் வைப்பதும் நடந்தன. ஒரு முறை மூட்டிய அடுப்பை வீணாக்கக் கூடாது என்பதே கணக்கு.

இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. புகையில்லாக் கரி எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு வெளிப்படும். புகை இல்லாததால் பாதுகாப்பானது என்று நினைத்துக் கதவு, சன்னல்களை மூடிய அறையில் கரியடுப்பை வைத்தால் உயிருக்கே கேடு. மரக்கரிக்கும் லெக்கோவுக்கும் இது பொருந்தும். குளிர்காலத்தில் கணப்புக்காகக் கரி மூட்டுவோர் இன்றும் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இது.

லெக்கோ வழக்கொழிந்த காரணங்கள்

லெக்கோவுக்குப் போட்டியாக முதலில் வந்தது மண்ணெண்ணெய். பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ் ஆகியவை நகரங்களில் பரவின. ஒரு தீக்குச்சியில் பற்றி, தேவை முடிந்ததும் அணைந்தன. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கிடைத்தது.

அடுத்தது சமையல் எரிவாயு. இந்தியன் ஆயில் நிறுவனம் 1965-இல் 'இண்டேன்' என்னும் பெயரில் எரிவாயு உருளைகளை வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் இணைப்பு கிடைப்பது அரிது. பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். 1980-களிலும் 1990-களிலும் இணைப்புகள் பெருகின. 2007-இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

1959-இலிருந்து இந்தியாவிலேயே தயாரான பிரஷர் குக்கரும் லெக்கோவின் தேவையைக் குறைத்தது. நின்று எரியும் நெருப்பு பருப்பு வேகவைக்கத்தான் மிகவும் வேண்டியிருந்தது. குக்கர் அதனைச் சில விசிலில் முடித்தது. மேலும் குக்கருக்கு உடனே தணிக்கக்கூடிய நெருப்பு வேண்டும். கனலும் கரியடுப்பு அதற்கு ஒத்துவராது.

உற்பத்திப் பக்கத்திலும் சிக்கல் இருந்தது. ஒரு டன் லெக்கோவுக்குப் பல டன் பழுப்பு நிலக்கரி தேவை. உலர்த்தவும் அழுத்தவும் சூடாக்கவும் ஆகும் செலவு வேறு. அதே நிலக்கரியை நேரே கொதிகலனில் எரித்தால் மின்சாரமாக விற்கலாம். மின்சாரத்திற்கோ தேவை ஏறிக்கொண்டே போனது. 2000-களின் முற்பகுதியில் கரிக்கட்டித் தொழிற்சாலை மூடப்பட்டது. அடுப்புக்காக உருவான நெய்வேலிக் கரி அடுப்பைவிட்டு நீங்கியது.

பிற நாடுகளின் அனுபவம்

பழுப்பு நிலக்கரியை வீட்டு எரிபொருளாக்கும் முயற்சி நெய்வேலிக்கு மட்டும் உரியது அன்று. செருமனியில் பழுப்பு நிலக்கரிக் கட்டிகள் நெடுங்காலம் வீடுகளின் கணப்படுப்புகளில் எரிந்தன. ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் யாலூர்ன் என்னுமிடத்தில் 1920-களில் சுரங்கமும் மின் நிலையமும் கரிக்கட்டித் தொழிற்சாலையும் பணியாளருக்கான திட்டமிட்ட நகரும் அமைந்தன. அக்கட்டிகள் மெல்போர்ன் நகரின் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றன.

யாலூர்னின் முடிவு கவனிக்கத்தக்கது. நகரின் அடியிலேயே நிலக்கரி இருந்ததால், சுரங்கத்தை விரிவாக்க 1980-களின் தொடக்கத்திற்குள் நகரையே இடித்து அகற்றிவிட்டனர். இயற்கை எரிவாயு வந்ததும் அங்கும் கரிக்கட்டியின் வீட்டுப் பயன்பாடு சுருங்கியது. குளிர்நாட்டில் கரிக்கட்டி நீடித்ததற்குக் காரணம், வீட்டைச் சூடாக வைக்க மெதுவாக நெடுநேரம் எரியும் நெருப்பு அங்கு வேண்டியிருந்ததே. தமிழ்நாட்டில் அந்தத் தேவை இல்லை. இங்கு வேண்டியிருந்தது சமையலுக்கான குறுகிய நேர நெருப்பு மட்டுமே. லெக்கோவின் சிறப்பாகிய நீடித்த கனல் இந்த வெப்ப நாட்டில் மிகையாயிற்று.

மின்கம்பி வழியே வந்த நெய்வேலி

நெய்வேலிக் கரி கட்டியாக அடுப்பைவிட்டுப் போனாலும், மின்சாரமாகச் சமையலறைக்குள் நுழைந்தது. அது முதலில் செய்தது நெருப்பின் வேலையை அன்று. அரைப்பது, குளிர வைப்பது, நீர் ஏற்றுவது ஆகிய வேலைகளையே அது ஏற்றுக்கொண்டது.

அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைப்பதே சமையலில் மிகுந்த நேரம் பிடித்த வேலை. கோயம்புத்தூரில் உருவான மின் அரவை எந்திரமான கிரைண்டரும், பின்னர் மிக்சியும் அந்த நேரத்தை மிச்சப்படுத்தின. 2011-இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கிய பிறகு இவை ஏழை வீடுகளுக்கும் சென்றன. குளிர்பதனப் பெட்டி வந்ததால் இறைச்சி, பால், கிரீம் ஆகியவற்றை ஓரிரு நாள் வைத்திருக்க முடிந்தது.

இதன் விளைவாக வார நாள் இரவில் இறைச்சி சமைப்பது எளிதாயிற்று. முன்பு பல வீடுகளில் இறைச்சி என்பது ஞாயிற்றுக்கிழமைப் பகல் உணவு. காலையில் கடைக்குச் சென்று புதிதாக வாங்கி, மசாலை அரைத்து, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்தாக வேண்டும். செவ்வாய், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் இறைச்சியைத் தவிர்க்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. அது இன்றும் தொடர்கிறது.

ரவை, சேமியா, மக்ரோனி, பாஸ்தா

பாஸ்தா திடீரென்று வந்த அயல் உணவு என்று கருதுவது முழுதும் சரியன்று. கோதுமை ரவையைப் பிசைந்து இழையாகப் பிழிந்து உலர்த்திய சேமியா தமிழ்நாட்டில் நெடுநாளாக வழக்கில் உள்ளது. ரம்சான் பண்டிகையிலும் பாயசத்திலும் உப்புமாவிலும் அது இடம்பெற்றது. திண்டுக்கல் சேமியா உற்பத்திக்குப் பெயர் பெற்ற ஊராக வளர்ந்தது. அரிசி மாவைப் பிழிந்து ஆவியில் வேகவைக்கும் இடியாப்பமும் இழை உணவே.

அரிசிப் பற்றாக்குறை நிலவிய 1950-களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் மரவள்ளிக் கிழங்கு மாவு, கடலை மாவு, கோதுமை ரவை ஆகியவற்றைச் சேர்த்து 'மரவள்ளி மக்ரோனி' என்னும் அரிசி மாற்று உணவை உருவாக்கியது. இங்குக் கடலை என்பது எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் நிலக்கடலை மாவு. நிலையத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். பஞ்சத்தைச் சமாளிக்கும் பொருளாகவே மக்ரோனி அப்போது அறிமுகமாயிற்று. மக்கள் அதனை விரும்பி ஏற்கவில்லை. அரிசி கிடைத்ததும் அரிசிக்கே திரும்பினர்.

1983-இல் மேகி நூடுல்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தது. அது அரிசிக்கு மாற்று என்று விற்கப்படவில்லை. விரைவில் ஆகும் உணவு என்று விற்கப்பட்டது. எரிவாயு அடுப்பு பரவிக்கொண்டிருந்த காலம் அது. அதனைத் தொடர்ந்து பாஸ்தாவும் மளிகைக் கடைக்கு வந்தது. மக்ரோனி தோற்ற இடத்தில் பாஸ்தா வென்றதற்குச் சுவை மட்டும் காரணம் அன்று. நேரமும் ஒரு காரணம்.

ஒரு தட்டில் மூன்று நெருப்பு

இன்று இளைய தலைமுறையினர் வேலைநாள் இரவில் சமைக்கும் கிரீம் பாஸ்தாவும் ஸ்டீக்கும் மூன்று வகை வெப்பத்தைக் கேட்கின்றன.

முதலாவது, கொதிநீரின் வெப்பம். பாஸ்தா நிறைய நீரில், உப்பிட்டு, சுமார் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் குழம்பு கெட்டியாக உதவும்.

இரண்டாவது, கடுமையான உலர் வெப்பம். ஸ்டீக் என்பது தட்டையாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு. ஈரத்தை ஒற்றியெடுத்து, நன்கு காய்ந்த இரும்புக் கல்லில் இட்டால் மேற்புறம் சிவந்து மணம் பெறும். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. இறைச்சி சிவக்க 140 பாகைக்கு மேல் வேண்டும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலர் மையார் விளக்கிய வினை இது. வேலை செய்த முதிர்ந்த மாட்டின் இறைச்சி இதற்கு ஒவ்வாது; அது நார் மிகுந்தது, குக்கரிலேயே மென்மையாகும். அத்தகைய இறைச்சியை மெல்லிய கீற்றுகளாக நாருக்குக் குறுக்கே நறுக்கி வதக்குவது நல்லது. மாட்டிறைச்சி உண்ணாதோர் கோழியின் நெஞ்சுப் பகுதியை இவ்வாறே சமைக்கின்றனர். கோழியை மட்டும் உள்வரை முழுதும் வேகவைக்க வேண்டும்.

மூன்றாவது, மிக மெல்லிய வெப்பம். பூண்டு, மிளகு சேர்த்து வதக்கிய அதே கல்லில் கிரீமை ஊற்றி, கொதிக்கவிடாமல் சூடாக்க வேண்டும். தீ மிஞ்சினால், அல்லது தக்காளி போன்ற புளிப்பு கூடினால் கிரீம் திரிந்துவிடும். இங்குக் கடலூர் மாவட்டத்திற்கு உரிய ஒரு வசதி உண்டு. பண்ருட்டி முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து மிக்சியில் மைய அரைத்தால் கிரீமுக்கு மாற்றாகும். முந்திரியில் கொழுப்புடன் மாவுச்சத்தும் இருப்பதால் குழம்பு தானே கெட்டியாகும். கிரீமைப்போல் எளிதில் திரியாது.

இம்மூன்று வெப்பத்தையும் அடுத்தடுத்த நிமிடங்களில் தர ஒற்றைக் கரியடுப்பால் இயலாது. லெக்கோவில் ஸ்டீக் சிறப்பாகச் சுடலாம். கனல் அதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் பக்கத்தில் பாஸ்தா கொதிக்க இன்னோர் அடுப்பு வேண்டும்; கிரீமுக்காகக் கனலை ஒரு நொடியில் தணிக்கவும் முடியாது. இரட்டை அடுப்பும் திருகினால் கூடிக் குறையும் நெருப்பும் வந்த பிறகே இந்த உணவு வேலைநாளுக்கு உரியதாயிற்று. சமையல் குறிப்பில் எழுதப்படாத முதல் பொருள் அந்தத் திருகுதான்.

தூண்டல் அடுப்பு எனப்படும் இண்டக்சன் ஸ்டவ் இப்போது வீடுகளுக்கு வருகிறது. அதன் வழியாக நெய்வேலியின் வெப்பம் மீண்டும் பாத்திரத்தின் அடிக்கு வந்து சேர்கிறது. இம்முறை கரியாக அன்று, மின்னோட்டமாக. ஆயினும் கொதிகலனில் எரியும் நிலக்கரியின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மின்சாரமாகிறது; எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. வீட்டில் புகை இல்லை என்றால் புகையே இல்லை என்று பொருளாகாது. அது புகைபோக்கியின் உச்சிக்கு இடம் மாறியிருக்கிறது.

நெருப்பும் நெல்லும்

இந்த வசதிகள் எல்லோருக்கும் ஒரே காலத்தில் கிடைக்கவில்லை. நகரியத்தின் குடியிருப்புகளில் கரி, மண்ணெண்ணெய், எரிவாயு என்று அடுப்பு மாறிவந்தபோது, சுற்றியுள்ள ஊர்களில் முந்திரி விறகும் சவுக்கும் நெடுங்காலம் தொடர்ந்தன. சுரங்கத்திற்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் பல. அவர்களுக்கான இழப்பீடும் வேலைவாய்ப்பும் இன்றுவரை இப்பகுதியின் முதன்மையான கோரிக்கைகளாக உள்ளன.

2023 சூலையில் சுரங்க விரிவாக்கத்தின் பகுதியாகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய், வளையமாதேவி ஊரில் விளைந்து நின்ற நெற்பயிரின் ஊடே தோண்டப்பட்டது. அதனை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. பயிருக்கு இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடைக்காவது காத்திருந்திருக்கலாம் என்பது உழவர்களின் வாதம்.

இங்கு மேலே நெல்லும் கீழே நிலக்கரியும் ஒரே நிலத்தில் உள்ளன. பானையில் இடும் அரிசியும் பானைக்கு அடியில் எரியும் நெருப்பும் ஒன்றையொன்று விலையாகக் கேட்கும் இடம் நெய்வேலி. வேலைநாள் இரவில் சமையல் அரை மணி நேரத்தில் முடிவது உழைக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கிடைத்த பெரும் விடுதலை; அதனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஊதுகுழலின் முன் அமர்ந்த தலைமுறையினரைக் கேட்டால் அதன் அருமை விளங்கும். அந்த அரை மணி நேரத்திற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கணக்கும் நெய்வேலி வரலாற்றின் ஒரு பகுதியே.